மணிலாவிலிருந்து அமிர்திக்கு: வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பின் வரலாறு

ரேடியோ வேரித்தாஸ் ஆசியா, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து ஆசியக் கத்தோலிக்க ஆயர்கள் நடத்திவரும் வானொலி. ‘வேரித்தாஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு உண்மை என்று பொருள். 1969 ஏப்ரல் 11 அன்று தொடங்கப்பட்ட இந்நிலையம் 1970-களில் தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. 2018 ஜூன் 30 அன்று அதன் சிற்றலை ஒலிபரப்பு முழுவதும் நின்றது. மணிலாவுக்கும் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள சிற்றூரான அமிர்திக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். வேலூரிலிருந்து அமிர்தி 25 கிலோமீட்டர்தான். இருந்தும் தமிழில் ஒரு திருச்சபை தனக்கென வானொலி நடத்த விரும்பினால் வேலூரில் கோபுரம் நட முடியாது, கடலுக்கு அப்பால்தான் நட வேண்டும் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பின் வரலாறு பெரும்பகுதி அந்தத் தொலைவின் வரலாறு.

தொலைவுக்குக் காரணம் சட்டம். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் கம்பியிலும் கம்பியில்லாமலும் செய்தி அனுப்பும் உரிமையை அரசின் கையில் வைத்தது. சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் வானொலி மன்றம் ஒன்றைத் தொடங்கி ஒலிபரப்பிப் பார்த்தார்கள். பணமில்லாமல் அது ஓய்ந்தபின் 1930-இல் மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே 16 அன்று திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. அதன்பின் தமிழ்நாட்டில் ஒலிபரப்பு என்றால் அரசு வானொலிதான். காலை நேரப் பக்திப் பாடல்களில் இந்து, இசுலாமியப் பாடல்களோடு கிறித்தவப் பாடல்களுக்கும் அதில் இடம் இருந்தது. எந்த மதத்தாருக்கும் பிரசங்க மேடை கிடையாது. காசு கொடுத்தாலும் கிடையாது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தந்தது. ஒலிபரப்பும் உரிமை அதில் அடங்கவில்லை.

வேறு நாடுகளில் வானொலி பிறந்த கையோடு கோவிலுக்குள் போய்விட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம் 1921 ஜனவரி 2 அன்று கால்வரி எப்பிஸ்கோப்பல் ஆலயத்தின் வழிபாட்டை ஒலிபரப்பியது. கருவிகளோடு நின்ற பணியாளர்கள் சபையாரின் கவனத்தைக் கலைக்கக் கூடாதென்று அவர்களுக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. லண்டனில் பிபிசி தன் முதல் ஆலய வழிபாட்டை 1924 ஜனவரி 6 அன்று ஒலிபரப்பியது.

வாரந்தோறும் ஒரே குரல், ஒரே நேரம் என்ற வடிவத்தை நிலைநாட்டியவற்றுள் முக்கியமானது ‘தி லுத்தரன் ஹவர்’. செயின்ட் லூயி நகரின் கன்கார்டியா இறையியல் கல்லூரிப் பேராசிரியர் வால்டர் மேயர் 1930 அக்டோபர் 2 அன்று அதைத் தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பணம் தீர்ந்து அடுத்த ஆண்டே நின்றுபோன நிகழ்ச்சி 1935-இல் மீண்டும் எழுந்தது. 1950-இல் மேயர் இறந்தபின்னும் வேறு பேச்சாளர்களோடு தொடர்ந்து, இன்றும் நடக்கிறது. அது சார்ந்த மிசௌரி லுத்தரன் சபை ஜவ்வாது மலை வட்டாரத்துக்குப் புதியதன்று. 1895-இல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கிய அதன் மிஷனரிகள் பிறகு மலையின் வடமேற்கு அடிவாரத்தில் உள்ள ஆம்பூரைத் தங்கள் முக்கிய இடங்களில் ஒன்றாக்கிக்கொண்டார்கள். ஆம்பூரில் பள்ளிக்கூடமும் பெத்தேஸ்தா மருத்துவமனையும் கட்ட முடிந்த அந்தச் சபையால் அங்கே ஒரு ஒலிபரப்பி வைக்க வழியில்லை.

வழி கொழும்பில் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படையினருக்காக ஆங்கிலேயர் அங்கே நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலி 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவையைத் தொடங்கியது. காசு கொடுத்தவர்களுக்கு நேரம் கிடைத்தது. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும், இந்திய நேயர்கள் கூட்டங்கூட்டமாகக் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டுத் தெருக்களில் பழகிப்போனது. சோப்புக்காரரும் பல்பொடிக்காரரும் வாங்கிய அதே நேரப்பட்டியலில் சபைகளும் கால்மணி, அரைமணி என்று வாங்கின. அமெரிக்காவில் தியடோர் எப் 1939-இல் தொடங்கிய ‘பேக் டு த பைபிள்’ நிகழ்ச்சியின் தமிழ் உருவான ‘சத்தியவசனம்’ இப்படி வந்தது. 1970-களில் டி.ஜி.எஸ். தினகரனின் ‘இயேசு அழைக்கிறார்’ நிகழ்ச்சியும் இலங்கை வானொலி வழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தது. சினிமாப் பாட்டுக்காக வைத்த ரேடியோவில் பிரசங்கம் தானாக வந்து விழுந்தது என்பதுதான் இந்நிகழ்ச்சிகளின் பெரிய பலம். நேயரைத் தேடி அவை அலையவில்லை. பாட்டு அவரை முன்பே உட்காரவைத்திருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு வானொலி அதற்கு முன்பே உண்டு. மார்க்கோனியே முன்நின்று அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931 பிப்ரவரி 12 அன்று தொடங்கிவைத்தார். இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். 1957-இல் ரோமுக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில் பெரிய ஒலிபரப்பு மையம் எழுந்தது. 1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்த காலத்தை ஒட்டி இந்திய மொழிகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. தமிழ் அவற்றில் ஒன்று. ஆனால் ரோமிலிருந்து அமிர்திக்கு 7,000 கிலோமீட்டர். ‘கிறிஸ்துஸ் வின்சிட்’ என்ற அடையாள இசை இரைச்சலுக்குள் மிதந்து வருவதைக் காத்திருந்து பிடிக்கும் பொறுமைசாலிகளின் நிலையமாகவே அது பல ஆண்டுகள் இருந்தது.

ஆசியாவுக்கு ஆசியாவிலிருந்தே ஒரு குரல் வேண்டும் என்ற எண்ணம் 1958 டிசம்பரில் மணிலாவில் கூடிய தென்கிழக்காசிய ஆயர்களிடம் உருவானது. சீனாவிலும் வடவியட்நாமிலும் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டிருந்த காலம் அது. ஆள் போக முடியாத இடத்துக்கு அலை போகும் என்பதே முதல் கணக்கு. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராக உள்ள பிலிப்பைன்ஸில் சட்டத் தடை இல்லை. பணத்தில் பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டிருந்ததால் திட்டத்துக்கு இறையியல் அங்கீகாரமும் கிடைத்திருந்தது. 1970 நவம்பரில் மணிலாவுக்கு வந்த ஆறாம் பவுல் நிலையத்தை ஆசீர்வதித்தார். அந்தப் பயணத்தை ஒட்டி உருவான ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்றது. சீனாவை நோக்கிக் கட்டிய கோபுரங்கள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் தெலுங்குக்கும் பயன்பட்டது, திட்டமிட்டவர்கள் முதலில் நினைக்காத பலன் என்றே சொல்லலாம்.

சிற்றலை ஏன் மலைநாட்டுக்கு ஏற்றது என்பதை அமிர்தியை வைத்தே விளக்கலாம். மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் பயணிக்கும். குன்றும் பாறையும் அதன் வலிமையைத் தின்றுவிடும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் மலையின் மறைவில் உள்ள பள்ளத்தாக்கில் அது கிடைப்பதே அரிது. சிற்றலையோ வானில் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, மேலிருந்து இறங்குகிறது. ஒரு தாவலில் அது கடக்கக்கூடிய உச்சத் தொலைவு 4,000 கிலோமீட்டர் அளவில். மணிலாவிலிருந்து வரும் அலை இரண்டு தாவலில் ஜவ்வாது மலையை அடையும். குன்று அதற்கு ஒரு பொருட்டன்று. இன்னொரு வசதியும் உண்டு. மோட்டார், டியூப்லைட், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து எழும் இரைச்சல்தான் சிற்றலையின் முதல் எதிரி. மின்சாரம் எட்டாத மலையூரில் பேட்டரி ரேடியோ நகரத்து வீட்டைவிடத் தெளிவாகப் பேசும்.

அலைக்குப் பருவமும் உண்டு. சூரியனின் போக்குக்கேற்ப அயனி மண்டலம் மாறுவதால் சிற்றலை நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும், அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். 19 மீட்டரில் கேட்டது 25 மீட்டருக்குப் போகும், அல்லது 31 மீட்டருக்கு. அறிவிப்பாளர் புதிய எண்களை ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சொல்வார். நேயர் அவற்றை நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துவைப்பார். குறிக்க மறந்தவர் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தேட வேண்டியதுதான். மர்பி, புஷ், பிலிப்ஸ் பெட்டிகளில் ஒரு விரல் நகர்த்தினால் பெய்ஜிங் வந்துவிடும்.

ஒரு தமிழ் ஒலிபரப்பின் அளவு அரைமணிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அறிமுக இசை, திருச்சபைச் செய்தி, இறைவார்த்தைச் சிந்தனை, பாடல், உடல்நலம் அல்லது குடும்பம் பற்றிய உரை, நேயர் கடிதம் என அடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற குருக்களும் பணியாளர்களும் மணிலாவில் தங்கி ஒலிபரப்பைக் கவனித்தார்கள். ஒரு பகுதி சென்னை சாந்தோமில் உள்ள தொடர்பு மையத்தில் பதிவானது. சாந்தோமில் பேசிய தமிழ் நாடாவில் ஏறி விமானத்தில் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து வானில் எறியப்பட்டு, மீண்டும் வேலூர் மாவட்டத்தில் வந்து இறங்கியது. வேலூருக்கு 140 கிலோமீட்டர் தள்ளிப் பேசிய பேச்சு 9,000 கிலோமீட்டர் சுற்றி வந்தது.

எந்த நிலையம் என்று அறிவிப்பதற்கு முன்பே அது கத்தோலிக்க நிகழ்ச்சியா, சீர்திருத்த சபையாருடையதா என்பதை நேயர் சொல்லை வைத்தே கண்டுகொள்வார். ‘சுவிசேஷம்’, ‘கர்த்தர்’, ‘ஆராதனை’, ‘ஜெபம்’ என்றால் அது சத்தியவசனத்தின் பக்கம். ‘நற்செய்தி’, ‘ஆண்டவர்’, ‘திருப்பலி’, ‘செபம்’ என்றால் வேரித்தாஸ் அல்லது வத்திக்கான். ‘சர்வேசுரன்’, ‘சேசுநாதர்’ என்று எழுதிவந்த கத்தோலிக்கத் தமிழ், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் லத்தீன் வழிபாடு தமிழுக்கு மாறிய 1960-களில் தன் வடமொழிச் சாயலைக் களைந்துகொண்டிருந்தது. வேரித்தாஸ் தமிழ் அந்த மாற்றத்துக்குப் பின் பிறந்தது. அதனால்தான் அதன் நடை பிரசங்க நடையைவிட மேடைத்தமிழுக்கு நெருக்கமாக இருந்தது. இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995-இல் வெளிவந்தபின்னும் வானொலியில் இந்த இரு தமிழும் தனித்தனியாகவே ஒலித்தன.

ஒலிபரப்பி ஒருவழிப் பாதை. திரும்பும் பாதையை அஞ்சல்துறை அமைத்துத் தந்தது. அஞ்சலட்டையும் உள்நாட்டுக் கடிதமும் உள்ளூர் முகவரிக்கு வந்து சேர்ந்தன; விமானக் கடிதம் மணிலாவுக்கே போனது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை அறிய நிலையத்துக்கு இருந்த ஒரே அளவுகோலும் கடிதம்தான். கடிதம் குறைந்தால் நிகழ்ச்சியின் எதிர்காலமே கேள்விக்குள்ளாகும் என்பதால் எழுதுமாறு அறிவிப்பாளர்கள் விடாமல் வேண்டினார்கள். எழுதியவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். மணிலாவிலிருந்து ஒரு குரல் தன் ஊர்ப்பெயரைச் சொல்லக் கேட்பதற்காகவே எழுதியவர்கள் உண்டு. நேயர் மன்றங்கள் இதில் முளைத்தவை. கிறித்தவரல்லாத பலர் அவற்றில் இருந்ததற்குச் சமயம் காரணமன்று. சிற்றலை கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அவர்கள். நிலையத்தின் ஒலி எப்படிக் கேட்டது என்று எழுதி அனுப்பினால் பதிலுக்கு வரும் வண்ண அட்டையைச் சேர்ப்பவர்கள்.

நிலையத்தின் பெயர் உலகம் முழுவதும் பரவியது தமிழாலும் அல்ல, பிரசங்கத்தாலும் அல்ல. 1986 பிப்ரவரி 22 இரவு, பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோசிடமிருந்து பிரிந்து படைமுகாமில் அடைந்திருந்த பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயையும் இராணுவ அதிகாரி ராமோசையும் காக்கத் தெருவுக்கு வருமாறு கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸின் உள்நாட்டு ஒலிபரப்பில் மக்களை அழைத்தார். மறுநாள் அரசுப் படையினர் ஒலிபரப்பியை அடித்து நொறுக்கினார்கள். அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். 25-ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த ஆண்டின் ராமோன் மக்சேசே விருது ரேடியோ வேரித்தாஸுக்குக் கிடைத்தது. 1991-இல் உள்நாட்டு நிலையம் தனியாகப் பிரிந்தது. ஆசிய மொழிச் சேவை ஆசிய ஆயர்களின் கூட்டமைப்பிடமே இருந்தது.

தமிழ்ச் சேவைக்கு அதற்கு நிகரான காலம் ஈழப்போரில் வந்தது. 1990-க்குப்பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேட்டரிகளைக் கொண்டுசெல்லவும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் கிடைக்கும் மின்சாரத்தில் மக்கள் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் சுழற்ற, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். பிபிசி தமிழோசைக்கும் வேரித்தாஸுக்கும் இப்படிச் சுழன்ற சக்கரங்கள் ஏராளம். 1990-களின் பிற்பகுதியில் மணிலாவில் தமிழ்ப் பிரிவின் பொறுப்பிலிருந்த ஜெகத் கஸ்பர் அடிகளார், இடம்பெயர்ந்தவர்களின் கடிதங்களுக்கு ஒலிபரப்பில் பெரிய இடம் தந்தார். பிரிந்துபோன உறவினர் எங்கே இருக்கிறார் என்று முகாமிலிருந்து ஒருவர் எழுத, ஐரோப்பாவிலிருந்து ஒருவர் பதில் எழுதுவார். இரண்டும் வானில் வாசிக்கப்படும். இது திருச்சபையின் நடுநிலைக்கு உகந்ததா, ஒரு பக்கம் சாய்ந்ததா என்ற விவாதம் அன்றே எழுந்தது; இன்றும் தீரவில்லை. சமயப் பேச்சுக்கென்று தொடங்கிய ஒரு ஒலிபரப்பு, அந்தச் சில ஆண்டுகளில் தபால் நிலையமாகவும் விசாரிப்புக் கூடமாகவும் மாறியிருந்தது. தமிழில் வேறெந்தத் திருச்சபை நிகழ்ச்சிக்கும் அந்த வேலை வாய்க்கவில்லை.

சீர்திருத்த சபையாரின் தரப்பிலும் கடல் கடந்த கோபுரங்கள் எழுந்தன. பெபா வானொலி 1970-இல் செஷல்ஸ் தீவில் தொடங்கியது. இடநெருக்கடியான மாஹே தீவில் கம்பங்களைக் கடலுக்குள் பவளத்திட்டின் மேல் நட்டார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலைக்கும் அது நல்லது. தீவின் விமான நிலையம் 1971-இல்தான் திறந்தது. அதுவரை இந்தியாவில் பதிவான ஒலிநாடாவுக்குக் கப்பலே கதி. அந்நிலையம் 2003 மார்ச்சில் மூடப்பட்டது. டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 1978-இல் இலங்கையின் புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியை நிறுவியது. பகலில் தரையோடு ஊர்ந்து தேயும் மத்திய அலை, இரவில் அயனி மண்டலத்தின் கீழ்ப்படலம் கலைந்தபின் வானேறி நெடுந்தூரம் வரும். புத்தளத்துக்கும் அமிர்திக்கும் இடையே 500 கிலோமீட்டர் சொச்சம். சிற்றலைப் பட்டை இல்லாத மலிவான ஒற்றைப் பட்டை ரேடியோவிலும் அது கேட்கும் என்பதே அதன் சூட்சுமம்.

இதற்கிடையே 1995 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. தனியார் பண்பலை வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலியும் வந்தது. ஆனால் தனியார் பண்பலை உரிமக் கொள்கை மத அமைப்புகளையும் அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களையும் விலக்கியே வைத்தது. எனவே சட்டம் தளர்ந்ததால் மணிலாவுக்குத் தேவை குறைந்துவிடவில்லை. குறைத்தது செலவும் செல்பேசியும். ஒரு பெரிய சிற்றலை ஒலிபரப்பி விழுங்கும் மின்சாரத்துக்கு இணையத்தில் பத்து மொழிகளை நடத்தலாம். கடைகளில் சிற்றலைப் பட்டையுள்ள ரேடியோ கிடைப்பதும் அரிதானது. வத்திக்கான் வானொலி ஆசியாவுக்கான சிற்றலை ஒலிபரப்பை 2017-இல் முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று, மணிலாவுக்கு வடமேற்கே சம்பாலெஸ் மாகாணத்தின் பலாவிக் ஊரில் இருந்த வேரித்தாஸ் ஒலிபரப்பிகளும் அணைந்தன.

வேரித்தாஸ் தமிழும் வத்திக்கான் தமிழும் இணையத்துக்குப் போயின, நிகழ்ச்சி நிற்கவில்லை. குறித்த நேரம், குறித்த மீட்டர், இரைச்சலுக்கு நடுவே அடையாள இசை ஆகியவை போயின. கேட்கும் முறையும் மாறியது: முன்பு பேட்டரி போதும், இப்போது செல்பேசிக் கோபுரமும் டேட்டாவும் வேண்டும். சிற்றலை மணிலாவில் ஓய்ந்தபின்னும் புத்தளம் ஓயவில்லை. இருட்டியபின் 882-இல் முள்ளை வைத்தவர்களுக்கு அது தொடர்ந்து கேட்டது.